ஸ்பிரிட் இல்லாத ஜாடிகள்

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வருகிறவர்கள், எல்லோரும் அவளைச் செல்லக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, ரொம்பத் தங்கமான குணம் போல என்று நினைத்துக்கொள்வார்கள். பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். அவள் செல் பார்க்கிற பிரிவு. ரத்தப் பிரிவில் இருக்கிற என்னை அவள் ‘ரத்தம்’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். பதிலுக்கு நான் ‘செல் அக்கா’ என்றேன். அது வாய்க்கு வசதியாகச் செல்லக்கா ஆகிவிட்டது. மற்றபடி அதில் செல்லம் எதுவும் கிடையாது.

கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் என்று சொல்வார்கள். அதற்கு மூக்கு வரை ஏறவேண்டிய அவசியமே இருந்ததில்லை. உதட்டிலேயே குடியிருந்தது. கதவைச் சாத்தாமல் போனால் திட்டு. ஜாடி மூடியை மாற்றிப் போட்டால் திட்டு. மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்துவிட்டால் மட்டும் வேறு ஆள். ஒரு கண்ணாடித் துண்டில் இருக்கிற ஆயிரக்கணக்கான செல்களை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, உழவு ஓட்டுகிற மாதிரி வரிவரியாகப் பார்ப்பாள். அந்த நேரத்தில் கூப்பிட்டால் காது கேட்காது.

அவளுடைய வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஊரைச் சுற்றிப் பதினொரு சின்ன கிளினிக்குகள். அங்கே இருக்கிற நர்சுகள், கேன்சர் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்க, பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயிலிருந்து ஒரு மரக்குச்சியால் லேசாகச் சுரண்டி, அதைக் கண்ணாடியில் தடவுவார்கள். தடவிய கையோடு அதை ஸ்பிரிட் ஜாடிக்குள் போட்டுவிட வேண்டும். நொடிக்கணக்குதான். போட்டால் செல் உடம்பில் இருந்த மாதிரியே நின்றுவிடும். அரைமணி ஊறிவிட்டால் அப்புறம் எவ்வளவு தூரமும் அனுப்பலாம். போடாமல் விட்டால் காய்ந்து, உப்பி, நடுவில் இருக்கிற கரு நனைந்த பேப்பரில் மை பரவின மாதிரி கலங்கிப்போகும். அதற்கு அப்புறம் எவ்வளவு நல்ல சாயம் போட்டாலும் நல்ல செல் எது, கெட்ட செல் எது என்று சொல்ல முடியாது.

எங்களுக்கு அப்படிக் காய்ந்த ஸ்லைடுகள்தான் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கையால் எழுதிக் கை வலிக்கிறது என்று ஒரு ரப்பர் முத்திரையே செய்து கொடுத்திருந்தார்கள். ‘வாசிக்க இயலவில்லை. மாதிரி மீண்டும் எடுத்து அனுப்பவும்.’ செல்லக்கா கிளினிக் நர்சுகளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே முத்திரை குத்துவாள். பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவாள். படிவத்தில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது.

அவள் குடியிருந்தது அண்ணன் வீட்டு மாடியில். ஒரு நாள் வேலை முடிந்து போனவள், கீழ் வீட்டுச் சமையலறையில் அண்ணியோடு பேசிக்கொண்டு நின்றிருக்கிறாள். மேசையில் கடைக்கு வாங்கவேண்டிய சாமான் பட்டியல் கிடந்திருக்கிறது. காற்றில் அது புரண்டது. பின்பக்கம் முத்திரை.

“அண்ணி, இந்த பேப்பர் ஏது?”

“எது? அதுவா. அந்த டெஸ்ட் எடுத்தேனே, அதுக்கு வந்தது. பின்னாடி வெள்ளையா இருந்துதேன்னு எழுதினேன். இன்னொண்ணும் இருக்கு.”

“ரெண்டு தடவ எடுத்தீங்களா?”

“மழைக்கு முன்னாடி ஒண்ணு, மழைக்கு அப்புறம் ஒண்ணு.”

“எதுக்கு எடுக்கச் சொன்னாங்க?”

“நடுநடுவுல கறை படுதுன்னு சொன்னேன். அதுக்குத்தான்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“உன் ஆபீஸ்லேருந்துதானே வந்திருக்கு. உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். ஒண்ணும் சொல்லாம இருக்கியே, அப்ப பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு விட்டுட்டேன்.”

“மூணாவது தடவ ஏன் போகல?”

அண்ணி கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாராம். “அந்த மேசையில கால தூக்கிப் போட்டுட்டுப் படுத்தா, மேல ஃபேன்ல எத்தன ஒட்டடைன்னு எண்ணிட்டுக் கெடப்பேன். ரெண்டு தடவ எண்ணியாச்சு. மூணாவது தடவயும் எண்ண எனக்கு ஆசையில்ல.”

முத்திரைக்குப் பக்கத்தில் இருந்த சுருக்கொப்பம் இவளுடையது. இரண்டு தாளிலும்.

மறுநாள் காலையில் நான் உள்ளே போகும்போது அந்த முத்திரை கைகழுவும் தொட்டியில் கிடந்தது. செல்லக்கா ரெஜிஸ்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போது குரல் ஏறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“மூணு மாசத்துல நானூத்திப் பன்னெண்டு ஸ்லைடு. நூத்தி முப்பத்தொண்ணுல குத்தியிருக்கேன். அதுல மறுபடி வந்தது நாப்பது. மீதி தொண்ணூத்தொரு பேர் எங்கடி போனாங்க?”

எனக்கு என்ன தெரியும். நான் ரத்த அணு எண்ணுகிறவள்.

“இன்னிக்கு ஏழாம் நம்பர் கிளினிக்குக்குப் போறேன். அங்கேருந்துதான் அண்ணியோடது வந்திருக்கு. அந்த சிஸ்டரை ஒரு வழி பண்ணாம வரமாட்டேன். நீயும் வா.”

“நான் எதுக்கு?”

“நான் அடிச்சுட்டேன்னா இழுக்கறதுக்கு.”

பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். இருந்தாலும் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இடம். ஒற்றை அறை, நீலத் திரை, சுவரோரம் கயிற்றில் துவைத்துக் காயப்போட்ட கையுறைகள். திரைக்குப் பின்னால் அந்த மேசை. மேலே ஃபேன். ஒட்டடை இருந்தது.

சிஸ்டர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று சொன்னதும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு செல்லக்காவைப் பார்த்தார்.

“நீங்கதானா அந்த ரப்பர் ஸ்டாம்ப்?”

செல்லக்கா பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. “காஞ்ச ஸ்லைடா அனுப்பினா வேற என்ன பண்ணுவாங்க? எடுத்தவுடனே ஸ்பிரிட்ல போடணும்னு எத்தன தடவ எழுதியிருக்கேன்? படிக்கத் தெரியாதா?”

“படிச்சேன். எல்லாத்தையும் படிச்சேன்.” சிஸ்டர் அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்தார். மூடியைத் திறந்தார். எங்கள் முகத்துக்கு நேராகத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. “போடறேன். ஊத்துங்க.”

அப்புறம் நிறுத்தாமல் பேசினார். “ஒரு வருஷமாச்சு ஸ்பிரிட் வந்து. எட்டு லெட்டர் எழுதியிருக்கேன், காப்பி எல்லாம் இருக்கு, பாக்கறீங்களா? ஒரு பொம்பளைய இந்த மேசையில படுக்க வெக்கறதுக்கு நான் எவ்வளவு கெஞ்சறேன்னு உங்களுக்குத் தெரியுமா? மாமியாருக்குத் தெரியாம வரா, புருஷனுக்குத் தெரியாம வரா. வெக்கத்த விட்டுப் படுக்கறா. ஒரு மாசம் கழிச்சு உங்க முத்திரை வருது. அத அவ கையில குடுத்துட்டு அவ மூஞ்சில நான் எப்படி முழிக்கறது? நீங்க அங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்துட்டு டப்பு டப்புன்னு குத்துவீங்க.”

செல்லக்காவை யாரும் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அவள் அந்தக் காலி ஜாடியை வாங்கிக் குனிந்து உள்ளே பார்த்தாள்.

“நாலஞ்சு ஸ்லைடு மட்டும் நல்லா வந்திருக்குமே,” என்றார் சிஸ்டர், கொஞ்சம் அடங்கி.

செல்லக்கா நிமிர்ந்தாள். “ஆமா. மேல கண்ணாடி மாதிரி ஒரு படலம். அது என்ன?”

“ஹேர் ஸ்ப்ரே. என் பொண்ணோடது. அதுல ஸ்பிரிட் இருக்குன்னு டப்பாவுல போட்டிருந்துது. ஒரு முழம் தள்ளிப் பிடிச்சு அடிச்சுப் பாத்தேன். டப்பா காலியானதும் வீட்டுல எனக்கு விழுந்த திட்டு இருக்கே.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு வரவேண்டிய இடம், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் செல்லக்கா, “ஒரு வருஷமா தப்பான ஆளத் திட்டிட்டு இருந்திருக்கேன்,” என்றாள்.

சரியான ஆளைத் தேடும் வேலை மறுநாள் ஆரம்பித்தது. முதலில் ஸ்டோர். ஸ்டோர்காரர் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றாமலே பதில் சொன்னார். போன வருஷம் ஏதோ ஒரு கிளினிக்கில் ஸ்பிரிட் அளவு குறைந்திருந்ததாம். சோதனைக்கு வந்தவர் ‘ஊழியர்கள் அருந்தியிருக்கலாம்’ என்று எழுதிவிட்டாராம். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஒரு சொட்டு போகக்கூடாது என்று உத்தரவு.

“அது ஆவியாயிருக்கும். அந்த ஜாடிகளுக்கு மூடி சரியா கிடையாது.”

“இருக்கலாம்மா. ஆனா ஆவி வந்து ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடாதே.”

அடுத்தது எங்கள் லேபின் பெரிய டாக்டர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யார் என்ன கேட்டாலும் அதைக் காகிதமாக மாற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்.

“எழுதிக் கேப்போம்,” என்றார்.

“எட்டு லெட்டர் எழுதியிருக்காங்க சார்.”

“அப்ப ஒன்பதாவது எழுதுவோம்.”

செல்லக்கா வேறு வழி சொன்னாள். சாயம் போடும்போது ஸ்லைடு வரிசையாகப் பதினாறு ஜாடிகளில் இறங்கி ஏறவேண்டும். அதில் பத்தில் ஸ்பிரிட். அங்கே வேறு எதையாவது வைத்துக்கொண்டால் மிச்சமாகும் ஸ்பிரிட்டைக் கிளினிக்குகளுக்குக் கொடுக்கலாம்.

“முறைன்னு ஒண்ணு இருக்கும்மா. அத மாத்தணும்னா மேலேருந்து சொல்லணும். நாம என்ன சமையலா பண்றோம், இது இல்லேன்னா அதப் போடறதுக்கு?”

அவள் வெளியே வந்து என்னிடம் சொன்னது: “சமையல்தானே. பண்ணிக் காட்டறேன்.”

அதற்கப்புறம் தினமும் காலையில் ஒரு மணிநேரம் முன்னாலேயே வந்துவிடுவாள். மதியச் சாப்பாட்டு நேரமும் அதற்கே போனது. சோதனைக்குச் செல் வேண்டும். யாரிடம் கேட்பது? தன் கன்னத்தின் உட்புறத்தையே குச்சியால் சுரண்டினாள். இடது பக்கம் புண்ணானால் வலது பக்கம். இரண்டு வாரத்தில் சூடாக எதையும் வாயில் வைக்க முடியாத நிலை. டீயை ஆறவைத்து, திட்டிக்கொண்டே குடிப்பாள்.

முதலில், காய்ந்த ஸ்லைடைக் காப்பாற்ற முடியுமா என்று பார்த்தாள். வேண்டுமென்றே காயவிட்டு, டிரிப்ஸ் பாட்டிலில் வருகிற உப்புத் தண்ணீரில் அரை நிமிடம் நனைத்து, அப்புறம் ஸ்பிரிட்டில் போட்டாள். வாடின செடிக்குத் தண்ணீர் ஊற்றின மாதிரி செல் மறுபடி எழுந்து நின்றது. பத்து நிமிடம் காய்ந்தது வந்தது. ஒரு மணி, இரண்டு மணி காய்ந்ததும் பரவாயில்லை. மறுநாள் வரை காய்ந்தது தேறவில்லை. கிளினிக்கிலிருந்து எங்களிடம் வருவதற்கே ஒரு நாள் ஆகிவிடுகிறது. ஆகவே எதைச் செய்தாலும் அங்கேயே செய்தாக வேண்டும். அதற்கும் ஸ்பிரிட் வேண்டும்.

பிறகு சாயம். பெரிய டாக்டரின் அலமாரியில் கிடந்த பழைய பத்திரிகைகளைப் புரட்டி, எங்கோ யாரோ ஸ்பிரிட்டுக்குப் பதில் அசிட்டிக் அமிலத்தை வைத்துச் செய்து பார்த்ததாக ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தாள். வினிகரில் இருக்கிற அதே அமிலம்தான். நூற்றில் ஒரு பங்கு, மீதி தண்ணீர். ஊதாச் சாயத்தை அறுபது டிகிரிக்குச் சுடவைத்தால் நிமிடக்கணக்கில் ஊறவேண்டியது பத்து முறை முக்கி எடுப்பதற்குள் பிடித்துவிடுகிறது. அதற்கு என்னிடமிருந்த சுடுநீர்த் தொட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். கடைசியில் ஈரத்தை எடுக்க, ரத்தத்துக்கு நான் பயன்படுத்துகிற மெத்தனால். அதையும் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். இருபது நிமிட வேலை நாலு நிமிடத்தில் முடிந்தது. ஸ்பிரிட் ஒரு சொட்டு செலவில்லை.

இரண்டு ஸ்லைடுகளைச் சொல்லாமல் கொள்ளாமல் பெரிய டாக்டரின் மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். ஒன்று பழைய முறை, ஒன்று புதுசு. அவர் பார்த்துவிட்டு இரண்டுமே நன்றாக இருக்கின்றன என்றார். அப்புறம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கன்னம் வேற, கர்ப்பப்பை வேற.”

அது நியாயமான பேச்சுதான். அவளுக்கும் தெரியும். அதனால் இன்னும் எரிச்சல். ஏழாம் நம்பர் சிஸ்டருக்குப் போன் போட்டாள். பரிசோதனைக்கு வருகிற பெண்களிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதிக்கிறவர்களிடம் ஒரே சுரண்டலை இரண்டு ஸ்லைடில் தடவி அனுப்பச் சொன்னாள். அதற்கு மட்டும் தன் மேசையில் இருந்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் கொடுத்தனுப்பினாள். முப்பது பெண்கள், அறுபது ஸ்லைடுகள். ஒன்றுக்குப் பழைய முறை, மற்றதற்குப் புது முறை என்று சாயம் போட்டுப் பார்த்ததில் முடிவுகள் ஒத்துவந்தன. எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் நீட்டினாள்.

“வெச்சுட்டுப் போங்க,” என்றார். அது அவர் மேசையில் பேப்பர்வெயிட்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. ஒரு மாதம் ஆகியும் இடம் மாறவில்லை.

செல்லக்கா கேட்பதை நிறுத்திவிட்டாள். தினமும் வேனில் ஸ்லைடு பெட்டிகள் வரும், திரும்பும்போது காலியாகப் போகும். வேன் ஓட்டுகிற அண்ணனிடம் பேசினாள். அவர் ஒரு கேள்விதான் கேட்டாராம்: “இது நல்லதுக்குத்தானேம்மா?” மிச்சப்பட்ட ஸ்பிரிட்டை மருந்து பாட்டில்களில் ஊற்றி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, காலிப் பெட்டிகளில் வைத்து அனுப்ப ஆரம்பித்தாள். முதலில் ஏழாம் நம்பருக்கு, அப்புறம் நாலு கிளினிக், அப்புறம் பதினொன்றுக்கும். நூறு ஸ்லைடுக்கு முப்பத்திரண்டில் விழுந்த முத்திரை ஏழில் வந்து நின்றது.

இவ்வளவு நாளும் மாட்டேன் என்றிருந்த அண்ணியை அதற்குள் ஒரு நாள் மறுபடி கூட்டிக்கொண்டு போயிருந்தாள். கெஞ்சவெல்லாம் இல்லை. வாசலில் நின்று, “கிளம்புங்க அண்ணி,” என்றாளாம்.

“மறுபடியும் ஒட்டடை எண்ணவா?”

“இந்த தடவ எண்ணி முடிக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்.”

சிஸ்டர் எடுத்தார், கையோடு ஸ்பிரிட்டில் போட்டார். மறுநாள் செல்லக்காவே சாயம் போட்டாள். உழவு ஓட்டுவது மாதிரி பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

எனக்கு அந்த வேலை தெரியாது. ஆனால் மற்றவற்றிலிருந்து அந்தக் கூட்டம் தனியாகத் தெரிந்தது. கரு பெரிதாக, கறுத்து, கோணலாக, சுற்றி இடமே விடாமல்.

“கேன்சரா?”

“இன்னும் இல்ல. அதோட வாசல்படியில நிக்குது.” அவள் மைக்ரோஸ்கோப் விளக்கை அணைத்தாள். “இது மொத தடவையே தெரிஞ்சிருக்கும்டி ரத்தம். மொத தடவையே. ஆறு மாசமா இது அவங்க உடம்புல வளந்துட்டு இருந்திருக்கு, நான் குத்தி அனுப்பிட்டு மேல மாடியில தூங்கிட்டு இருந்திருக்கேன்.”

அழுவாள் என்று நினைத்தேன். மேசையை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். பதினாறு ஜாடியும் குலுங்கின. அண்ணிக்கு அந்த மாதமே சின்ன ஆபரேஷன் செய்து அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார், இன்றுவரை நன்றாக இருக்கிறார். செல்லக்காவுக்கு அது ஆறுதலாக இல்லை. வாசல்படியைத் தாண்டியவர்கள் எத்தனை பேரோ என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பாட்டில் பெட்டிக்குள் விரிசல் விட்டது. வாசலில் செக்யூரிட்டிக்கு வாசனை அடித்தது. பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஸ்டோர்காரர் ஓடிவந்தார். மதியத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பேச்சு. செல்லக்கா ஸ்பிரிட் விற்கிறாள் என்று ஒரு கதை, குடிக்கிறாள் என்று இன்னொரு கதை. எக்ஸ்ரேயில் வேலை பார்க்கும் ஒருவர் வராந்தாவில் நின்று, “செல்லக்கா, கடை எத்தன மணிக்குத் திறக்கும்?” என்று கேட்டார். அவள் நின்று, திரும்பி, அவர் பெண்டாட்டி எந்தக் கிளினிக்கில் பரிசோதனை செய்துகொண்டாள் என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. “போய்க் கேட்டுட்டு வந்து சிரிங்க,” என்றாள்.

விசாரணை, ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரின் அறையில் நடந்தது. மெத்தனால் கொடுத்தவள் என்று என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். ஸ்டோர்காரர் உத்தரவைப் படித்தார். கண்காணிப்பாளர், “உங்களுக்கு இந்த உத்தரவு தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன்.”

“யார்கிட்ட அனுமதி வாங்கினீங்க?”

அவள் வாயைத் திறப்பதற்குள் பெரிய டாக்டர் செருமினார். கையில் அந்த நோட்டுப் புத்தகம். ஓரங்களில் சின்னச் சின்னக் குறிச்சீட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் விடாமல் படித்திருக்கிறார்.

“என்னோட வழிகாட்டுதல்லதான் இது நடந்தது,” என்றார். “வாய்மொழியா சொல்லியிருந்தேன். எழுத்துல குடுக்காதது என் தப்பு. முடிவுகள் ரொம்ப நல்லா வந்திருக்கு.”

அப்பாடா, தப்பித்தாள் என்று நினைத்தேன். கண்காணிப்பாளரும் பேனா மூடியைப் போட்டார். அவருக்கும் அதோடு முடித்துக்கொள்ள ஆசைதான்.

செல்லக்கா எழுந்தாள். “இல்ல சார்.”

“உக்காருங்கம்மா,” என்றார் பெரிய டாக்டர், மெதுவாக. “உங்களுக்காகத்தான் சொல்றேன்.”

“தெரியுது சார். ஆனா நீங்க சொல்லல. நான் வந்து கேட்டேன், முறைய மாத்தக்கூடாதுன்னீங்க. ஒன்பதாவது லெட்டர் எழுதலாம்னீங்க. அந்த நோட்டு மாசக்கணக்கா உங்க பேப்பர்வெயிட்டுக்குக் கீழ கெடந்துது. படிச்சீங்கன்னா படிச்ச அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் திருட்டுத்தனமா அனுப்பவேண்டி இருந்திருக்காது.” கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினாள். “எழுதிக்குங்க. நானா பண்ணினேன். இவங்க யாரும் சொல்லல. வேன் அண்ணனுக்கும் ரத்தத்துக்கும் ஒண்ணும் தெரியாது.”

எனக்கு எல்லாம் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

தண்டனையாகக் கண்டனக் கடிதம் ஒன்று வந்தது. கூடவே ஆறு மாதம் ரெக்கார்டு அறைக்கு மாற்றம். பெரிய டாக்டரோ, ‘என் வழிகாட்டுதல்’ என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டதால் பின்வாங்க முடியவில்லை. கிளினிக்குகளுக்கு ஸ்பிரிட் கொடுக்கலாம் என்று அந்த வாரமே உத்தரவு போனது. ஆகமொத்தம் வேலை நடந்தது. செய்தவள் மட்டும் அங்கே இல்லை.

“ஏன்டி இப்படி? அவர் சொன்னத விட்டிருந்தா நீ உன் எடத்துலயே இருந்திருப்பே,” என்றேன்.

“அவர் என் மேல இரக்கப்பட்டு என் வேலைய எடுத்துக்கிட்டார். நான் அதுக்கு நன்றி வேற சொல்லணுமா?”

ரெக்கார்டு அறை என்பது ஜன்னல் இல்லாத, கூரைவரை கட்டுகள் அடுக்கிய இடம். தும்மிக்கொண்டேதான் உள்ளே இருக்க முடியும். ஆனால் லேபுக்கு வெறும் எண்ணாக வந்த படிவங்களின் மறுபாதி, பெயரோடும் முகவரியோடும், அங்கேதான் இருந்தது. முதல் வாரமே அது அவள் கண்ணில் பட்டுவிட்டது. தொண்ணூற்றொரு எண்களையும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பட்டியல் போட்டு, கிளினிக் வாரியாகப் பிரித்து, சிஸ்டர்களுக்கு அனுப்பினாள். ஏழாம் நம்பர் சிஸ்டர் வீடு வீடாகப் போனார். மற்றவர்களையும் போன் போட்டு விரட்டினார். வீடு மாறிப் போனவர்கள், கதவைச் சாத்தியவர்கள் போக, ஐம்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். ஐம்பத்து மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. நாலு பேருக்கு அண்ணிக்கு இருந்த மாதிரி, சரிசெய்து அனுப்பினார்கள். ஒருத்தி வாசல்படியைத் தாண்டியிருந்தாள்.

முப்பத்தெட்டு வயது. துணிக்கடையில் வேலை. மூன்று முறை எடுத்திருக்கிறாள், மூன்று முறையும் முத்திரை. மற்றவர்கள் சலித்துப்போய் நின்றபோது அவள் மட்டும் சொன்னபடி கேட்டு மறுபடி மறுபடி வந்திருக்கிறாள். செல்லக்கா வார்டுக்குப் போய் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். நானும் கூடப் போனேன். தான் யார் என்று சொன்னாள். முத்திரை குத்தியது தான்தான் என்றும் சொன்னாள். அந்தப் பெண், “அப்ப என் மேல தப்பில்லையே?” என்று கேட்டாள். “வீட்டுல எல்லாரும், நீ ஒழுங்கா போய்க் காட்டலைங்கறாங்க.”

“உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க மூணு தடவ போனீங்க. அத நான் எழுதியே தரேன்.”

எழுதியும் கொடுத்தாள். தேதி, எண் எல்லாம் போட்டு, கீழே முழுக் கையெழுத்து. அந்தப் பெண் அதற்கப்புறம் எட்டு மாதம்தான் உயிரோடு இருந்தாள்.

செல்லக்கா பழைய இடத்துக்குத் திரும்பி வந்து ஒரு வருஷம் கழித்து, எல்லா ஊர் லேபுகளுக்கும் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஸ்பிரிட் சிக்கனத்துக்குப் புதிய சாயமுறை. மேலே பெரிய டாக்டர் பெயர், அவர் தயாரித்ததாக. நான் அதை ஒளித்துவைக்கப் பார்த்தேன். அவள் பிடுங்கிப் படித்தாள். பெயரை விரலால் தாண்டிப் போய், இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

“பத்துப் பங்குன்னு போட்டிருக்கான்.”

“என்னது?”

“அசிட்டிக் அமிலம். நூத்துக்கு ஒண்ணு. இதுல நூத்துக்குப் பத்துன்னு அடிச்சிருக்கான். சாயம் மொத்தமும் வெளுத்துடும். ஒரு ஸ்லைடும் தேறாது.”

தலைமையகத்துக்குப் போன் போட்டாள். அங்கே மூன்று பேர் மாறி மாறி எடுத்து, திருத்தம் அனுப்ப ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். முக்கால் மணிநேரம் கத்தினாள். அந்தக் கத்தல் எங்கள் பிரிவுவரை கேட்டது. ஒன்பது நாள் ஒன்பது நாளாகவே இருந்தது. போனை வைத்துவிட்டு, சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்த இருபத்திரண்டு லேபுகளின் நம்பரையும் வரிசையாக அடிக்க ஆரம்பித்தாள்.

பதினான்காவது லேபில் ஏற்கெனவே கலக்கிவிட்டிருந்தார்கள். போனை எடுத்த பெண், முந்தின நாள் ஸ்லைடுகள் எல்லாம் வெள்ளையாகிவிட்டன என்று அழுதாள். தன்மேல்தான் பிழை என்று நினைத்திருக்கிறாள்.

“அழறத அப்புறம் வெச்சுக்கலாம்,” என்றாள் செல்லக்கா. “காகிதத்துல போட்டிருந்தா அப்படியே பண்ணிடுவியா? வெளுத்ததப் பாத்தவுடனே யாரையாவது கேக்கத் தோணலையா? சரி. அந்த ஜாடிய எடு. முழுசும் கொட்டு. கொட்டினியா? இப்ப அளக்கற கிளாஸ எடு. தொண்ணூத்தொம்பது தண்ணி, ஒண்ணு அமிலம். மொதல்ல தண்ணி, அப்புறம் அமிலம். அவசரமில்ல, பாத்து ஊத்து. நான் லைன்லயே இருக்கேன்.”